யுபிஐ கட்டணம்: வதந்தி ஏன் ஓய்வதில்லை, செலவை யார் சுமக்கிறார்கள்?

ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வலம் வந்துவிடுகிறது. "2,000 ரூபாய்க்கு மேல் ஜிபே செய்தால் இனி கட்டணம்" என்று ஒருவர் அனுப்புவார். "ஜிஎஸ்டியும் உண்டாம்" என்று அடுத்தவர் சேர்ப்பார். மறுநாள் நிதி அமைச்சகம் மறுக்கும். "நெருப்பில்லாமல் புகையுமா" என்று மூன்றாமவர் கேட்பார்.

அந்த மூன்றாமவரின் சந்தேகம் முழுவதும் தவறல்ல. வதந்தி பொய்தான், ஆனால் அது கிளம்புகிற இடத்தில் தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. யுபிஐ பரிவர்த்தனைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. கடந்த சில ஆண்டுகளில் வந்த யுபிஐ செய்திகளில் பல இந்த ஓட்டையிலிருந்து கிளம்பியவை.

பத்து ரூபாய் டீக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்

யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதை நடத்துவது இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், சுருக்கமாக என்பிசிஐ. இது அரசுத் துறை அன்று, வங்கிகள் பங்குதாரர்களாக இருக்கும் அமைப்பு. ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இயங்குகிறது.

டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பத்து ரூபாய் அனுப்பும்போது நடப்பது இது:

1. கூகுள் பே, போன்பே போன்ற செயலி நமது உத்தரவை வாங்கிக்கொள்கிறது. செயலியிடம் நமது பணம் இல்லை. பணம் எப்போதும் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது.
2. செயலி நேரடியாக என்பிசிஐயை அணுக முடியாது. தனக்குத் துணையாக உள்ள ஒரு வங்கியின் வழியாகத்தான் உத்தரவை அனுப்புகிறது.
3. என்பிசிஐ நமது வங்கியிடம் கேட்கிறது: பின் எண் சரியா, கணக்கில் பணம் இருக்கிறதா? இருந்தால் கழிக்கச் சொல்கிறது.
4. கடைக்காரரின் வங்கியிடம் அதே தொகையை வரவு வைக்கச் சொல்கிறது.
5. இரண்டு பக்கமும் உறுதிச் செய்தி போகிறது. கடையில் உள்ள சவுண்ட் பாக்ஸ் "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்கிறது.

வங்கிகள் தங்களுக்குள் தர வேண்டிய, பெற வேண்டிய தொகையை நாளில் பல முறை கூட்டிக் கழித்து, ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகள் வழியாகத் தீர்த்துக்கொள்கின்றன.

பத்து ரூபாய்க்கும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் வேலை ஒன்றுதான். அதே கணினிகள், அதே செய்திகள், தோல்வியடைந்தால் அதே புகார் விசாரணை. ஆகவே செலவு தொகையைப் பொறுத்து அதிகம் மாறாது, எண்ணிக்கையைப் பொறுத்தே ஏறும். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நடந்த யுபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. நாடே சில்லறையைக் கைவிட்டதில் மகிழ்ந்தது. வங்கிகளின் கணினிப் பிரிவில் இருந்தவர்கள் அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார்கள்.

எம்டிஆர்: சண்டை முழுவதும் இந்த மூன்றெழுத்தைப் பற்றியது

கிரெடிட் கார்டைத் தேய்த்து 1,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், கடைக்காரருக்கு முழு ஆயிரம் போவதில்லை. ஏறக்குறைய இரண்டு சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அந்தப் பிடித்தம்தான் எம்டிஆர். வாடிக்கையாளருக்கு அது தெரிவதே இல்லை, கடைக்காரருக்குத்தான் தெரியும். அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. மீதியை விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பும் கடைக்காரரின் வங்கியும் பகிர்ந்துகொள்கின்றன.

யுபிஐக்கும் தொடக்கத்தில் எம்டிஆர் இருந்தது. 2019 ஜூலையில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கை அதை மாற்றியது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்கள் செலவு குறைந்த மின்னணு வழிகளை வாடிக்கையாளருக்குக் கட்டாயம் தர வேண்டும், அந்த வழிகளுக்கு யாரிடமும் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று அறிவிக்கப்பட்டது. பணம் செலுத்தும் முறைகளுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் பூஜ்யம்.

தடை அறிவிப்போடு நின்றுவிடவில்லை. மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் யுபிஐயில் பணம் அனுப்பினால் கட்டணம் என்று சில வங்கிகள் வசூலிக்கத் தொடங்கியிருந்தன. நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டு, ஜனவரி முதல் வாங்கியதைத் திருப்பித் தரச் சொன்னது.

ஆகவே யுபிஐக்குக் கட்டணம் வர வேண்டுமானால், ஏதோ ஒரு வங்கியோ செயலியோ நினைத்தால் போதாது. அரசு தன் சட்ட நிலையை மாற்ற வேண்டும். அடுத்த முறை வதந்தி வரும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்த 2,000 எங்கிருந்து வந்தது

வதந்தியில் மற்ற எல்லாம் மாறும், 2,000 மட்டும் மாறாது. காரணம், உண்மையான விதிகள் பலவற்றில் இந்த எண் வெவ்வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது:

1. 2018 ஜனவரியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, 2,000 ரூபாய் வரையிலான டெபிட் கார்டு, யுபிஐ கொள்முதல்களின் எம்டிஆரை அரசே ஏற்றது.
2. 2023 ஏப்ரலில், வாலட்டில் முன்கூட்டியே ஏற்றிவைத்த பணத்தை யுபிஐ வழியாகக் கடைக்குச் செலுத்தினால், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு அதிகபட்சம் 1.1 சதவீதம் நிறுவனங்களுக்கு இடையிலான கட்டணம் என்ற விதி வந்தது. வாடிக்கையாளர் தருவது அன்று. வங்கிக் கணக்கிலிருந்து போகும் பணத்துக்கும் இது பொருந்தாது. யுபிஐ பரிவர்த்தனைகளில் 99.9 சதவீதம் வங்கிக் கணக்கிலிருந்தே நடப்பதாக அப்போது என்பிசிஐ விளக்கியது. ஆனால் தலைப்புச் செய்திகளில் "வாலட்" என்ற சொல் காணாமல் போயிருந்தது.
3. சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையிலான யுபிஐ பரிவர்த்தனைகளுக்கு அரசு வங்கிகளுக்கு ஊக்கத்தொகை தருகிறது.
4. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயுடன் இணைத்துச் சிறு கடையில் செலுத்தினால், 2,000 ரூபாய் வரை கடைக்காரருக்குப் பிடித்தம் இல்லை.

நான்கிலும் எண் ஒன்று, பொருள் நான்கு. தலைப்பை மட்டும் படிப்பவருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

2025 ஏப்ரலில் கிளம்பிய "2,000க்கு மேல் ஜிஎஸ்டி" என்ற செய்தியும் இந்த வகைதான். ஜிஎஸ்டி சேவைக் கட்டணத்தின் மீது விதிக்கப்படுவது. எம்டிஆர் பத்து ரூபாய் என்றால், அந்தப் பத்து ரூபாயின் மீது 18 சதவீதம். நாம் கடைக்கு அனுப்பும் தொகையின் மீது அன்று. யுபிஐயில் எம்டிஆரே இல்லாதபோது வரி விதிக்க எதுவும் மிச்சமில்லை. நிதி அமைச்சகமும் இதையே சொல்லி மறுத்தது.

பெங்களூருக் கடைகளில் க்யூஆர் கோடு ஏன் இறங்கியது

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைக்காரர்கள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. யுபிஐ வழியாக அவர்களுக்கு வந்த தொகையைக் கணக்கிட்டு, ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டியிருக்கிறீர்கள் என்று கேட்டது. பெங்களூரில் பல கடைகளில் க்யூஆர் அட்டை இறங்கி, "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்ற தாள் ஏறியது. அதைப் பார்த்தவர்கள் யுபிஐக்கே வரி வந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

வரி, பணம் வந்த வழிக்கு அன்று, வியாபாரத்துக்கு. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய், சேவை தருபவருக்கு 20 லட்சம் என்பதே பதிவு வரம்பு. தமிழ்நாட்டிலும் இதுவே. 40 லட்சம் என்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய 11,000 ரூபாய். சேவைக்கான 20 லட்சம் என்றால் அதில் பாதி. ஓரளவு ஓட்டம் உள்ள சிற்றுண்டிக் கடை இதை எளிதில் தொட்டுவிடும். ரொக்கத்தில் விற்றபோதும் விதி இதுதான், தடம் மட்டும் இல்லை.

துறையின் மீதும் தவறு உண்டு. காய்கறி, பால் போன்ற வரிவிலக்குப் பொருள்களை மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு செய்யத் தேவையில்லை. அத்தகையோருக்கும் நோட்டீஸ் போனது. வங்கிக் கணக்கில் வந்த தொகை முழுவதும் விற்பனை என்று எடுத்துக்கொள்வதும் சரியல்ல. மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்றும் அதே கணக்கில்தான் விழுகிறது. எதிர்ப்பு கிளம்பியதும், பதிவு செய்துகொண்டால் பழைய நிலுவையைக் கேட்க மாட்டோம் என்று முதல்வர் சித்தராமையா அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஒரு முறை இறங்கிய க்யூஆர் அட்டை தானாக ஏறிவிடாது. யுபிஐ என்றால் இலவசம் மட்டுமல்ல, பதிவேடும்தான் என்பதைக் கடைக்காரர்கள் அந்த மாதத்தில் கற்றுக்கொண்டார்கள்.

சரி, செலவு எவ்வளவு? இப்போது யார் தருகிறார்கள்?

2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவாத அறிக்கையில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. கடைக்குச் செலுத்தும் சராசரி 800 ரூபாய்ப் பரிவர்த்தனை ஒன்றுக்கு, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து 2 ரூபாய் செலவாகிறது என்பது அது. எண்ணிக்கை பெருகப் பெருக ஒரு பரிவர்த்தனையின் செலவு குறைந்திருக்கும். அரை ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கோடி கடைப் பரிவர்த்தனைகள் என்று குறைத்தே கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஆகிறது.

அரசு தருவது எவ்வளவு? 2023-24ஆம் ஆண்டுக்கு ஊக்கத்தொகை ஏறக்குறைய 3,600 கோடி. 2024-25க்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது 1,500 கோடி. பரிவர்த்தனை ஏறியது, ஊக்கம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த ஒப்புதல் வந்த நாள் 2025 மார்ச் 19, அதாவது நிதியாண்டு முடிய பன்னிரண்டு நாள் இருந்தபோது. ஆண்டு முழுவதும் கணினி வாங்கி ஆள் வைத்தவருக்கு, கூலி எவ்வளவு என்பது ஆண்டின் கடைசியில்தான் தெரிகிறது. இத்துறை நிறுவனங்களின் கூட்டமைப்பு அதே மாதம் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. ஆண்டுக்கு 10,000 கோடி தேவை என்றும், பெரிய வணிகர்களிடம் 0.3 சதவீதம் எம்டிஆர் வாங்க அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டது. ஜூனில் மீண்டும் வதந்தி, மீண்டும் மறுப்பு.

10,000 கோடி என்பது காசு கேட்பவர்கள் சொல்லும் கணக்கு, தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். எதிர்வாதமும் வலுவானது. ரொக்கத்தை அச்சடிக்கவும், வண்டியில் ஏற்றவும், ஏடிஎம்மில் நிரப்பவும் ஆகும் செலவு யுபிஐயால் குறைகிறது. மக்கள் பணத்தை வீட்டில் வைக்காமல் சேமிப்புக் கணக்கில் விட்டுவைப்பதால், வங்கிக்குக் குறைந்த வட்டியில் நிதி கிடைக்கிறது. இந்த ஆதாயத்தைச் சொல்லாமல் செலவை மட்டும் சொல்வது அரைக் கணக்கு. ஆனால் அந்த ஆதாயம் எல்லா வங்கிக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நாள்தோறும் இருபது முறை பத்து ரூபாய் அனுப்பி, கணக்கில் முந்நூறு ரூபாய் மட்டும் வைத்திருப்பவரின் வங்கிக்குச் செலவுதான் அதிகம்.

விலை இல்லாத இடத்தில் வேறு வகையில் கட்டுப்பாடு வருகிறது. 2025 மார்ச்சிலும் ஏப்ரலிலும் யுபிஐ முடங்கியபோது, பரிவர்த்தனை முடிந்ததா என்று சில வங்கிகளின் கணினிகள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததும் காரணம் என்று தெரிந்தது. ஆகஸ்ட் 1 முதல், ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைதான் இருப்புத்தொகை பார்க்கலாம் என்பது போன்ற வரம்புகள் வந்தன. அதுவும் உடனே "யுபிஐக்குக் கட்டுப்பாடு" என்று தலைப்பானது.

வருமானமே இல்லாத தொழிலில் யார் நிலைப்பார்கள்

யுபிஐ பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய எண்பது சதவீதம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியாக நடக்கின்றன. ஒன்று வால்மார்ட்டின் கையில், மற்றது கூகுளின் கையில். உள்நாட்டுப் பெருமையாகச் சொல்லப்படும் வலையமைப்பின் முகப்பு இரண்டு அமெரிக்க நிறுவனங்களிடம் இருக்கிறது. பலர் இதை விளம்பர பலத்தின் விளைவு என்கிறார்கள். எனக்குப் பூஜ்ய எம்டிஆர்தான் முதல் காரணம் என்று தோன்றுகிறது.

பரிவர்த்தனைக்கு ஒரு பைசாகூட வராத தொழிலில், பல ஆண்டுகள் நட்டத்தைத் தாங்கும் பணப்பை உள்ளவர்தான் நிற்க முடியும். சிறு நிறுவனம் ஒன்று நல்ல செயலி செய்தாலும், ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரும் அதற்குப் புதிய செலவு. பெரியவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன: மொபைல் ரீசார்ஜுக்குச் சிறு கட்டணம், கடைக்காரரிடம் சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை, காப்பீடு விற்பனை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன். செயலியைத் திறந்தவுடன் "உங்களுக்கு முன் அனுமதி பெற்ற கடன்" என்று ஏன் வருகிறது என்று எரிச்சல்படுபவர்களுக்கு விடை இதுதான். சேமிப்புக் கணக்கிலிருந்து செலுத்தினால் செயலிக்கு ஒன்றும் இல்லை. அதே க்யூஆர் கோடில் கிரெடிட் கார்டையோ கடன் வரம்பையோ இணைத்துச் செலுத்தினால் வருமானம் உண்டு. கையில் இருக்கும் காசைச் செலவழிப்பவரை விடக் கடனில் செலவழிப்பவரே செயலிக்கு வேண்டியவர் ஆகிறார். கட்டணத்தை ஒழிக்க வந்த விதி, சுற்றி வளைத்துக் கடனுக்குக் கம்பளம் விரிக்கிறது.

இந்தக் குவிப்பைத் தடுக்க என்பிசிஐ 2020 நவம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது: எந்தச் செயலியும் மொத்தப் பரிவர்த்தனைகளில் 30 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வரம்பைத் தாண்டி இருந்தவர்களுக்கு முதலில் 2022 இறுதி வரை அவகாசம். பிறகு 2024 இறுதி வரை. பிறகு 2026 டிசம்பர் 31 வரை. இதை நடைமுறைப்படுத்துவதும் எளிதல்ல. பெரிய செயலிகளில் புதியவர்களைச் சேர்க்காதே என்று சொன்னால், அவர்கள் போகத் தகுந்த வேறு செயலி இருக்க வேண்டும். அதை வளர்க்கும் வருமானத்தைத்தான் சட்டம் அடைத்திருக்கிறது.

யாரிடம் வாங்கலாம்

பிரேசிலின் பிக்ஸ் முறை 2020 நவம்பரில் தொடங்கியது. அதை நடத்துவது அந்நாட்டு மத்திய வங்கியே. தனிநபர்களுக்கு இலவசம், ஆனால் நிறுவனங்களிடம் வங்கிகள் கட்டணம் வாங்கலாம். அதனால் பிக்ஸ் தேய்ந்துவிடவில்லை. நாடு முழுவதும் பரவியிருக்கிறது.

இந்தியாவில் பேசப்படும் வழிகள் மூன்று. ஒன்று, அரசு ஊக்கத்தொகையை உயர்த்தி, முன்கூட்டியே அறிவிப்பது. இரண்டு, பெரிய வணிகர்களிடம் மட்டும் சிறு எம்டிஆர். மூன்று, எல்லோரிடமும் மிகச் சிறு கட்டணம். மூன்றாவதை உடனே தள்ளிவிடலாம். பத்து ரூபாய் டீக்குப் பத்துப் பைசா என்றால்கூட மறுநாளே ரொக்கம் திரும்பிவிடும்.

என் சாய்வு இரண்டாவதன் பக்கம். 0.3 சதவீதம் என்பது 2,000 ரூபாய்க் கொள்முதலுக்கு ஆறு ரூபாய். அதே பெருங்கடை கிரெடிட் கார்டுக்கு நாற்பது ரூபாய் வரை மறுபேச்சின்றித் தருகிறது. "கடைசியில் விலையில் ஏற்றி நம்மிடம்தான் வாங்குவார்கள்" என்பது நியாயமான சந்தேகம். ஆனால் கார்டுக்கான பிடித்தம் இப்போதே விலையில் ஏறித்தான் இருக்கிறது, ரொக்கத்தில் வாங்குபவரும் அதைச் சேர்த்துத்தான் தருகிறார். சிறு கடைகளைப் பொறுத்தவரை பூஜ்யம் சட்டத்திலேயே நிலைக்க வேண்டும். "பெரிய வணிகர்" என்பதற்கான வரையறை ஒரு சுற்றறிக்கையில் இறங்கிவிடாதபடி விற்றுமுதல் எல்லையும் சட்டத்திலேயே இருப்பது நல்லது.

அப்படி ஒரு கட்டணம் வருமானால், சதவீதத்தை விட அதைப் பிரிக்கும் முறையே முக்கியம். பணம் செலுத்துபவரின் வங்கிக்கே பெரும்பங்கு போனால் கணினித் திறன் மேம்படும், ஆனால் செயலிச் சந்தை இப்படியே இருக்கும். செயலிகளுக்குப் பரிவர்த்தனை எண்ணிக்கைப்படி பங்கு தந்தால், எண்பது சதவீதம் வைத்திருக்கும் இருவருக்கே எண்பது சதவீதமும் போகும். 30 சதவீத வரம்புக்குள் உள்ள செயலிக்குக் கூடுதல் விகிதம், அதைத் தாண்டினால் குறைந்த விகிதம் என்று அமைத்தால், இரண்டு முறை தள்ளிப்போன வரம்புக்கு முதல் தடவையாகப் பல் முளைக்கும்.